ஊறாத கதவு

பெண் பார்க்க என்னை அழைத்துப்போன தரகர், பஸ்ஸிலேயே என் தொழிலை மாற்றிவிட்டார். கும்பகோணத்தில் ஏறும்போது நான் தச்சன். குத்தாலம் தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர்காரன்.

"இது பொய்யில்லம்மா," என்றார் என் அம்மாவிடம். "தம்பி வேலை பாக்குற பட்டறையில கம்ப்யூட்டர் இருக்கா, இல்லியா?"

"இருக்கு."

"தம்பி அதுக்குப் பக்கத்துல நிக்கிறாரா, இல்லியா?"

"நிக்கிறான்."

"அப்புறம் என்னங்க!"

நின்றுகொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வீடு சர்க்கார் கொடுத்த டிவி வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. எங்கள் பட்டறைக்கும் அப்போதுதான் ஒரு மிஷின் வந்திருந்தது. இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு மேடை, அதன் மேல் அங்குமிங்கும் ஓடிச் சுழலும் ஒரு முனை. கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டிவிட்டால் போதும், நாங்கள் டீ குடித்துத் திரும்புவதற்குள் பலகையில் அன்னம் முளைத்திருக்கும், தாமரை பூத்திருக்கும். நான் பலகையை ஏற்றுவேன், இறக்குவேன், முனை எட்டாத மூலைகளை உளியால் முடித்துவைப்பேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு யார் எடுபிடி என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மிஷினுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு வெளியே ஐப்பசி. மழை பெய்கிறதா, வயல்தான் வானத்துக்கு ஏறுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சாம்பல் நிறம். அதன் நடுவே சம்பா நாற்று மட்டும் பிடிவாதமாகப் பச்சையாக இருந்தது.

"பொண்ணோட அப்பாவும் நம்ம ஆளுதான்," என்றார் தரகர். "ஆசாரி வேலை பாத்தவருதான். ஆனா மரத்தைத் தொடுறவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. அதனால உளி, சுத்தி எதையும் வாயில எடுக்காதீங்க. அம்மா, நீங்க வாயையே திறக்காதீங்க."

அம்மா தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு எத்தனை பெரிய விரதம் என்று தரகருக்குத் தெரியாது.

மயிலாடுதுறைக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய மாடி வீடு. பெண்ணின் அப்பா வாசலிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதிரே உட்காரவைத்து, கேசரி வருவதற்கு முன்பே தன் கதையைப் பரிமாறினார்.

"கலப்பை செஞ்சுகிட்டிருந்தேன் தம்பி. டிராக்டர் வந்துச்சு. கூலி ஆளுங்கல்லாம் செங்கொடியைப் புடிச்சுகிட்டு வயல்ல டிராக்டருக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க. நானும் போயி உக்காந்தேன். மிராசுதார் ஆளு என்னைப் பாத்துட்டு, 'ஏன் ஆசாரி, உனக்கு நிலமும் இல்ல, நீ நடவுக்கூலியும் இல்ல, நீ எதுக்குய்யா சேத்துல உக்காந்திருக்கே'ன்னான். கலப்பை சார்பா உக்காந்திருக்கேன்னேன். ரெண்டு பக்கமும் சிரிச்சாங்க. அந்தத் தகராறு முடியிற வரைக்கும் ரெண்டு பக்கமும் சேந்து சிரிச்சது அந்த ஒரு தடவைதான்."

தரகர் சிரிக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

"அப்புறம் கூரை வீட்டுக்குச் சட்டம் கோத்தேன். சர்க்கார் கான்கிரீட் வீடு கட்டிக் குடுத்துடுச்சு. நான் ஓட்டுப் போட்ட கட்சிதான் கட்டுச்சு. அடுத்து வந்த கட்சியும் அதையே கட்டுச்சு, அவங்களுக்கும் போட்டேன். சரி, கான்கிரீட் ஊத்துறதுக்கு அடியில பலகை அடிப்போம்னு போனா, பலகைக்குப் பதிலா இரும்புத் தகடு வந்துடுச்சு. அதோட ஓடுறதை நிறுத்திட்டேன் தம்பி. நானே தகடு வாங்கி வாடகைக்கு விட்டேன். மிஷின் தொரத்துனா அது முதுகுலயே ஏறி உக்காந்துடணும். உங்களை மாதிரி."

நான் முதுகை நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்தவனைப் போல இருக்க முயன்றேன்.

"இதோ பாருங்க," என்று பக்கத்து அறைக் கதவைக் காட்டினார். "ஆசாரி கை படாத கதவு. முழுக்க மிஷின். ரெண்டு மழைக்காலம் பாத்துடுச்சு, ஒரு நூல் ஊறல. மிஷின் கதவு ஊறாது."

கதவில் அன்னம் இருந்தது. எங்கள் பட்டறை அன்னமா, வேறு பட்டறையுடையதா என்று சொல்ல முடியாது. எல்லா மிஷின்களுக்கும் அந்த ஒரே அன்னம்தான்.

"பொண்ணை வரச்சொல்லு," என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த அம்மா போய்த் தள்ளினார். அன்னம் அசையவில்லை. தோளால் தள்ளினார். அப்போதும் அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது: "கதவு தொறக்கலம்மா."

"மழையில ஊறியிருக்கும்ண்ணே," என்றார் தரகர்.

"ஊறாதுன்னு இப்பதானய்யா சொன்னேன்!"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் குடையோடு வாசலில் கூடிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் அகப்படவில்லை என்றால் யார்தான் வீட்டுக்குள் இருப்பார்கள்? நான் எழுந்தேன். எழுந்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. என் கை எழுந்து போனது, நான் பின்னால் போனேன்.

உள்ளங்கையை வைத்து மேலே அழுத்தினேன், இடம் கொடுத்தது. கீழே அழுத்தினேன், இடம் கொடுத்தது. நடுவில் மட்டும் கல் மாதிரி நின்றது. ஊறிய கதவு மேலேயோ கீழேயோதான் பிடிக்கும். நடுவில் இருப்பது தாழ்ப்பாள்.

அன்னத்தின் அலகுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு, "தாழ்ப்பா போட்டிருக்கீங்க," என்றேன் மெதுவாக.

வெளியே மழை வாசல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"பொண்ணு பாக்க வந்தவன்."

"கம்ப்யூட்டரா? என்னால பெங்களூருக்கெல்லாம் வர முடியாதுங்க. இங்க தையக் கடை வச்சிருக்கேன், மூணு பொண்ணுங்க எங்கிட்ட வேலை பாக்குறாங்க. சொன்னா அப்பா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாரு. புடிக்கலன்னு நீங்களே சொல்லிட்டுப் போயிடுங்க."

"எனக்கு பெங்களூரு இல்லீங்க, கும்பகோணம். நான் ஆசாரி."

"பொய்."

"தாழ்ப்பா போட்டிருக்கிறதைத் தொட்டுப் பாத்துச் சொன்னேனே. கம்ப்யூட்டர்காரன் சொல்வானா?"

உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அமுங்கியது. "ஆசாரின்னா அப்பா குடுக்கவே மாட்டாரே. மிஷின் உங்க வேலையையும் புடுங்கிடும்பாரு. புடுங்கிடுமா?"

"பாதியைப் புடுங்கிடுச்சு. மிச்சத்தைப் புடுங்காது. மிஷின் கதவை நேரா வெட்டும். இந்தப் பக்கம் எந்த வீடு நேரா நிக்கிது? எல்லாம் களிமண்ணு. கோடையில வெடிக்கிது, மழையில உப்புது. வீடு ஒரு பக்கம் சாயும், நிலையில கதவு இடிக்கும், என்னைக் கூப்புடுவாங்க."

"பிளவுஸும் அப்படித்தாங்க," என்றாள். "எங்க தெருவுல யாருக்கு ரெண்டு தோளும் ஒரே அளவா இருக்கு?"

முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. இந்தப் பெண் கிடைக்காமல் போனால் அடுத்த மழைக்காலம் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கதவிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

"நகருங்க தம்பி." அவள் அப்பா வந்துவிட்டார்.

மேலே அழுத்தினார். கீழே அழுத்தினார். நடுவில் அழுத்தினார். எத்தனை கதவு கோத்த கை! கை அப்படியே நின்றது. அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். தாழ்ப்பாள் என்று சொன்னால், வந்தவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஊறிப்போச்சு என்று சொன்னால், இத்தனை நேரம் அவர் ஏறி உட்கார்ந்திருந்த மிஷினின் முதுகிலிருந்து எல்லார் முன்னாலும் இறங்க வேண்டும். வயலில் டிராக்டருக்கு முன் உட்கார்ந்தபோதுகூட அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

"ஊறித்தான் போச்சு," என்றார்.

"மிஷின் கதவு ஊறாதுன்னீங்களேண்ணே?" தரகருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யோவ், மிஷினுக்கு ஐப்பசி தெரியுமாய்யா? இதுக்கெல்லாம் ஆசாரி ஒருத்தன்தான்யா வரணும்!"

பஸ்ஸிலிருந்து பூட்டியே வந்த வாயை அம்மா திறந்தாள். "எம் புள்ளை ஆசாரிதாங்கண்ணே. பதினஞ்சு வயசுலேருந்து உளி புடிக்கிறான்."

தரகர் சட்டென்று குனிந்து தன் செருப்பைத் தேடினார்.

பெண்ணின் அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தெரியும்மா. கம்ப்யூட்டர்காரன்னா கதவைத் தள்ளுவான். தம்பி உள்ளங்கையை வச்சுல்ல கதவுகிட்ட கேட்டாரு." பிறகு வாசல்வரை கேட்கும்படி, "நல்லா அமுக்கித் தள்ளுங்க தம்பி, தொறந்துக்கும்!" என்றார். சொல்லிவிட்டு அதைவிடச் சத்தமாக இருமினார். அந்த இருமலுக்குள் உள்ளே இரும்பு நகர்ந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

நான் பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்து, நாட்டு மாட்டை நகர்த்துகிறவன் போலத் தள்ளினேன். கதவு ஊஞ்சல் மாதிரி உள்ளே போய்விட்டது, நானும் கூடவே போய்விட்டேன். விழாமல் இருக்க நிலையைப் பிடித்துக்கொண்டேன். எதிரே, ஜாக்கெட் தோளில் ஒட்டியிருந்த நூலைக்கூட எடுக்காமல் அவள் நின்றிருந்தாள். உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"லேசாத் தொறந்துடுச்சே," என்றாள் குடையோடு நின்ற ஒரு பெண். குரலில் சந்தேகம்.

"இப்ப தொறந்துக்கும், நாளைக்கு மறுபடி மாட்டும்," என்றார் அப்பா அவசரமாக. "இழைச்சு விட்டாத்தான் சரிப்படும்." அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு இழைப்புளியை எடுத்து வந்தார். அதன் தகட்டில் துளி துருவில்லை. எண்ணெய் மினுங்கியது.

கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தினோம். எந்தக் குறையும் இல்லாத ஒரு கதவை, வெள்ளைச் சட்டையோடு, ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க இழைத்தேன். மரச்சுருள்கள் காலடியில் விழுந்தன. என் வாழ்க்கையில் அத்தனை அக்கறையாக ஒரு வேண்டாத வேலையைச் செய்ததில்லை.

அவர் எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விளிம்பை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோலக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னும் ரெண்டு சுருள் எடுங்க மாப்பிள்ளை. பாக்குறவங்க நம்பணும்ல."