அடுப்பு எரிந்த ஞாயிற்றுக்கிழமை

நான் மீன்காரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை. விடியலில் கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, சிதம்பரத்தில் விற்றே வயசானவள். எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும். அதனால் இதை எழுத நாள் பிடித்தது. பிடிக்கட்டும்.

அலை வருகிறவரைக்கும் கடலூர் பக்கத்துக் கடற்கரையில்தான் என் வீடு. 2004-ல் அந்த அலையில் என் தங்கச்சி போனாள். கரையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டு இருந்தவள். ஆள் கிடைக்கவே இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம், சாவு என்றால் உறவுப் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிக்கொண்டு வருவார்கள். கட்டிப்பிடித்து, வட்டமாக உட்கார்ந்து, மாரடித்து அழுவார்கள். சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அப்படித்தான் என் நாத்தனார் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"அவ கிடைக்கட்டும். அப்புறம் அழுங்க. இப்ப போங்க."

போனார்கள். தங்கச்சி கிடைக்கவும் இல்லை, நான் யாரையும் அழ விடவும் இல்லை. நாத்தனார் அதை மனசில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் வாசலில் நின்றால் கடல் தெரிகிற வீட்டில் எனக்கு இருக்க முடியவில்லை. சிதம்பரத்திலேயே ஒரு வாடகை வீடு பார்த்து வந்துவிட்டேன். கடலை விட்டேனே தவிர மீனை விடவில்லை.

2010-ல், என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிற ஒரு டீச்சரம்மா வந்து கேட்டாள். ஜப்பானிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், ஒரு வருசத்துப் படிப்பு, அங்கேயிருந்து ஒருத்தர் இங்கே வந்தால் இங்கேயிருந்து ஒருத்தர் அங்கே போய்ப் படிப்பார்களாம். ஹாஸ்டலில் இருந்தால் பேச்சு வராது, வீட்டில் இருக்க ஆசைப்படுகிறாள் என்றாள்.

"என் வீடு மீன் வாடை அடிக்கும்மா."

"அவளும் மீன்பிடிக்கிறவங்க ஊருப் பொண்ணுதாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி, அது வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, இடுப்பு வரைக்கும் குனிந்தாள். நானும் குனியப் பார்த்தேன், முதுகு விடவில்லை. மறுநாளே என்னை அம்மா என்று கூப்பிட்டாள்.

"அம்மா வேணாம். ஒன்ன பெத்தவ அங்க இருக்கா. என்ன பெரியம்மான்னு கூப்புடு."

"எனக்கு ஏற்கெனவே ஒரு பெரியம்மா உண்டு."

"இருக்கட்டும். ரெண்டா வச்சுக்க."

புத்தகத்தில் படித்த தமிழ் அவளுடையது. ஒருநாள் மார்க்கெட்டில் என் பக்கத்தில் கடை போட்டவளிடம் போய், "அம்மையீர், இந்த மீன் என்ன விலை?" என்று கேட்டாள். கடைத்தெருவே சிரித்தது. அதிலிருந்து அந்த வரிசையில் எல்லாருக்கும் அம்மையீர் என்றுதான் பேர். "ஏ அம்மையீர், கொஞ்சம் ஐஸ் தள்ளு" என்பார்கள். அவளும் சிரித்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

கையால் சோறு பிசைய அவளுக்கு நாளானது. காரம் ஜாஸ்தியானால் கண்ணில் தண்ணி வரும், வாயைத் திறந்து சொல்லமாட்டாள். ஆனால் மீன் தின்னத் தெரிந்த பெண். தலையை உறிஞ்சி, முள்ளை வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பாள். பச்சை மீனை அப்படியே தின்னக் கேட்டபோது மட்டும் திட்டினேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆபீசில் அவள் பேரைப் பதிய வேண்டும் என்று கூடப் போனேன். அங்கே இருந்தவர், "நீங்க என்ன வேணும் இதுக்கு?" என்றார். "பெரியம்மா" என்றேன். என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்துக்கு இடம் காட்டினார். சிரித்தால் சிரிக்கட்டும், என் முறையை நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்ப்யூட்டரில் அவள் அம்மா வருவாள். மெலிந்த பெண். கடற்பாசி காயப்போடுகிற கொட்டகையில் வேலை. அந்த அம்மாவின் அக்கா, இவள் சொன்ன பெரியம்மா, அவளும் அங்கேதான், தாட்டியான பெண், எப்போதும் பின்னாலிருந்து தலையை நீட்டுவாள். பாஷை கிடையாது. நான் வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டுவேன். அக்காக்காரி அவர்கள் ஊர் மீனைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிச் சிரிப்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

தை மாசத்தில் எங்கள் கடற்கரை ஊரில் ஒரு சாவு. அந்தப் பெண்ணும் என்னோடு வந்தாள். ஒப்பாரியைப் பற்றி எழுதத்தான் இந்தப் பக்கம் வந்தாளாம். முடியை ஏன் அவிழ்க்கிறீர்கள், அடுப்பை ஏன் மூட்டுவதில்லை என்று நாத்தனாரைத் துளைத்தாள். "அழறதக்கூடவா காலேஜில படிக்கறாங்க!" என்றாள் நாத்தனார். ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

அடுத்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. விற்றுவிட்டு வந்து, அரசாங்கம் கொடுத்த டிவியைப் போட்டேன். கறுப்பாகத் தண்ணி வயல்மேல் போகிறது. வீடு மிதக்கிறது, கார் மிதக்கிறது, படகு ரோட்டில் போகிறது. ஜப்பான் என்று சொன்னது காதில் விழுந்தது. எந்த ஊர் என்று கீழே எழுத்து ஓடுகிறது. நான் இரண்டு எழுத்தைக் கூட்டுவதற்குள் ஓடிப்போய்விடும். திரும்ப வரும், திரும்ப ஓடும். டிவியை நிறுத்திவிட்டு அவள் வருகிற வழியைப் பார்த்து வாசலில் நின்றேன்.

டீச்சரம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அழவில்லை. செருப்பைத் திருப்பி வைத்தாள். "பெரியம்மா, எங்கள் ஊர்தான்" என்றாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். ஒரு பொம்பளைக் குரல் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லும். போட்டுக்கொண்டே இருந்தாள், அந்தக் குரலும் அதையே சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கே அது பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. சனிக்கிழமை துணி துவைத்தாள், உலர்த்தினாள், மடித்தாள். தட்டில் போட்ட சோற்றில் நாலு வாய்தான் தின்றாள். அவள் அம்மா இருக்கிறாளா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காத்திருப்பு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக அம்மா வருகிற நேரத்துக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது.

வெளியே வந்தால், கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்கள், எங்கள் ஊர்ப் பெண்கள். முன்னால் நாத்தனார். எல்லார் தலையும் அவிழ்ந்து கிடக்கிறது. மாரில் அடித்துக்கொண்டு, "கடல் கொண்டு போச்சே" என்று பாடிக்கொண்டு வருகிறார்கள். டிவி பார்த்திருக்கிறார்கள். அலை அடித்தது, அந்தப் பெண் வீடு போச்சு, போய் அழவேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் மனசில் வஞ்சனை கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என் பின்னால் வந்து நின்றாள். அவிழ்ந்த முடியைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத்தான் தெரியுமே. அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா. உங்களுக்குச் செய்தி வந்துவிட்டதா? எனக்கு ஏன் சொல்லவில்லை?"

பாட்டு நின்றது.

"ஒரு சேதியும் வரல கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பினேன். "உசுரோட இருக்கறவள சாவடிக்க வந்தீங்களாடி?"

நாத்தனார் விடவில்லை. "அலை அடிச்ச வீட்டுக்கு நாங்க வராம வேற யாரு அண்ணி வருவா? அன்னைக்கும் வாசல்ல நிறுத்துன. இன்னைக்கும் நிறுத்தற. ஒனக்கு மட்டுந்தான் மனசு, எங்களுக்கெல்லாம் கல்லா?"

வாசப்படியில் உட்கார்ந்தவள் முகத்தில் ரத்தம் இல்லை. நான் சொன்னதை அவள் நம்பவில்லை, மறைக்கிறேன் என்று நினைக்கிறாள். வாய்ச்சொல் அவளுக்குப் பத்தாது.

"முடிய முடிங்க எல்லாரும்" என்றேன். "காலக் கழுவிட்டு உள்ள வாங்க. சாப்புட்டுட்டுத்தான் போவணும்."

"சாப்புடறதா?" என்றாள் ஒருத்தி.

"என் வீட்டுல எழவு இல்ல. ஏன் சாப்புடக்கூடாது?"

பின்கட்டில் விறகு அடுப்பை மூட்டினேன். காலையில் எடுத்து வந்த சங்கரா மீன் விற்காமல் கூடையில் கிடந்தது. நாத்தனார் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கொண்டையைப் போட்டுக்கொண்டு, அருவாமனையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "செதில்கூட எடுக்காம வச்சிருக்க, நீயெல்லாம் மீன்காரி" என்றாள். ஒருத்தி புளி கரைத்தாள். ஒருத்தி உலையில் அரிசியைப் போட்டாள்.

அந்தப் பெண் எழுந்து பின்கட்டுக்கு வந்தாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு கொதித்தது. தரையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முள்ளை ஓரத்தில் அடுக்கினாள்.

அவள் நம்பினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுப்பை மூட்டிவிட்டேன், அங்கே என்ன ஆகியிருக்கிறதோ, யார் கண்டது? என் தங்கச்சிக்கும் இப்படித்தான் அலை வந்த மறுநாளே உலை வைத்தேன். எரிகிற அடுப்பைப் பார்த்து யாரும் திரும்பி வந்துவிடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் போன் அடித்தது. அவர்கள் பாஷையில் பேசினாள், ஜாஸ்தி பேசவில்லை. வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். நான் சோறு வடித்துக்கொண்டு இருந்தேன்.

"அம்மா இருக்கிறார். மேட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்" என்றாள். நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். "பெரியம்மாவின் உடலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். அம்மாவை முன்னால் ஓடச் சொன்னார். அவரால் ஓட முடியவில்லை."

மீனைத் தலைகீழாகப் பிடித்தவள். அந்தப் பெண் அப்போதும் அழவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி நின்றாள்.

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணி, இப்ப வரலாமா?"

என் ஆயுசில் அவள் என்னைக் கேட்டுக்கொண்டு செய்தது அது ஒன்றுதான். நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"வரட்டும் பெரியம்மா" என்றாள்.

மறுநாள் காலையில் அடுப்பில் இருந்த கட்டையை இழுத்துத் தண்ணி தெளித்தேன். தெருமுனையில் சத்தம் கேட்டதும் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். வந்தார்கள். நாத்தனார் அந்தப் பெண்ணைத் தோளோடு இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அவள் விறைத்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் அவள் உடம்பு குலுங்கியது. அப்புறம் சத்தம் வந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாயைக் கையால் மூடிக்கொள்ளவில்லை.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். நாத்தனார் கடல் தாண்டி இருந்தவளைப் பாடிக்கொண்டே வந்தவள், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைக் கேட்காமல், என் தங்கச்சி பேரைச் சேர்த்துப் பாடினாள். கரையில் மீன் அரிந்தவளே என்று. பாடிவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் தடுக்கவில்லை. போய் வட்டத்தில் உட்கார்ந்தேன். முடியை அவிழ்த்தேன்.