மாவுக்குப் பக்கத்தில் ஒரு கெக்

வளைகுடாத் தீவு ஒன்றில், ஈசா டவுனில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டில், ஃபிரிட்ஜின் அடித்தட்டு என் மனைவியின் இட்லி மாவுக்குச் சொந்தம். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அந்தத் தட்டில் பாதி இடம் கேட்டேன். பெண் கேட்கப் போனபோதுகூட நான் அவ்வளவு தயங்கியதில்லை.

என்னோடு ஆபீசில் வேலை பார்த்த ஓர் இங்கிலாந்துக்காரர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார். வீட்டிலேயே பீர் தயாரிக்கிற மனிதர். போகிற போக்கில் தன் சாமான்களை என் தலையில் கட்டப் பார்த்தார், நானும் தலையைக் கொடுத்தேன். கடையில் வாங்கிக் குடிக்க அந்த ஊரில் வழி இருந்தது. வீட்டில் தயாரிக்கலாமா என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

தயாரான பீரை ஊற்றி, கேஸ் ஏற்றி மூடி வைக்கிற எஃகுப் பாத்திரத்துக்குக் கெக் என்று பெயர். அவரிடம் பெரியது ஒன்று, அதில் பாதி அளவில் சின்னது ஒன்று இருந்தன. சின்னதை எடுத்தவன் எல்லாம் பிறகு வருத்தப்படுவான், பெரியதை எடு என்றார். நான் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜை டேப் வைத்து அளந்தேன். பெரியதை வைத்தால் மாவு வெளியே போக வேண்டும். மாவு வெளியே போனால் கூடவே நானும் போக வேண்டும். சின்னதை எடுத்தேன். கெக் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

"ஊறல் போடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ஊறல் இல்ல, பீர்."

"எங்க ஊர்ல அதுக்குப் போலீஸ் வரும்."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். அவளுடைய அண்ணன் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், சவுதியில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறை வியாழன் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து வெள்ளிக்கிழமை திரும்புவார். "அண்ணன் குடிச்சிப் பாக்கட்டும். நல்லாருக்குன்னு சொன்னா கெக் இருக்கட்டும். இல்லன்னா தூக்கி வெளியில வெச்சிடணும்."

இதைவிடக் கறாரான நீதிபதியை அவள் தேடியிருக்க முடியாது. பால்கனியில் நான் வளர்த்த தக்காளி, நானே பிரித்து மாட்டிய கம்ப்யூட்டர் என்று என் தோல்வி எல்லாவற்றுக்கும் மச்சான் நேரில் பார்த்த சாட்சி. எனக்கு அவர் வைத்த பெயர் விஞ்ஞானி. அந்தக் கெக் நிலைக்க வேண்டும் என்று நான் துடித்ததற்குப் பாதிக் காரணம் பீர், மீதிக் காரணம் அந்தப் பெயர்.

கெக் முதல் நாளே வேலையைக் காட்டியது. மாதக் கணக்கில் வர வேண்டிய கேஸ் காலையில் காலி. நம் ஊரில் சமையல் சிலிண்டருக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். மூடியைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. நல்லவேளை, இங்கிலாந்துக்காரர் மாற்று வளையங்களும் கொடுத்திருந்தார். அவை இருந்த பை கிழிந்திருந்ததால், சமையலறையில் கிடந்த காலி டப்பா ஒன்றில் நான் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தேன். அதிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். கசிவு நின்றது.

அடுத்து நுரை. குழாயைத் திறந்தால் கிளாஸ் நிறைய நுரை, அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பீர். "காபி ஆத்துறப்ப இப்படி வந்தா நல்லாருக்கும்" என்றாள் மனைவி. பீர் வரும் குழாய் குட்டையாக இருந்ததுதான் கோளாறு. நீளமான குழாயாக மாற்றி, கேஸ் அழுத்தத்தையும் குறைத்தேன். பீர் ஒழுங்காக இறங்கியது.

மூன்றாவதுதான் பிடிபடவில்லை. பீரில் ஒரு வாசனை. எங்கேயோ பழகிய வாசனை, ஆனால் பெயர் சொல்ல வரவில்லை. வாளியில் நொதிக்கும்போது இல்லை, கெக்குக்குள் போன மறுநாள் வந்துவிடுகிறது. குழாயைக் கழுவினேன், கெக்கைக் கொதிநீர் ஊற்றிக் குலுக்கினேன், ஈஸ்ட் மேல் பழி போட்டு இன்னொரு முறை முதலிலிருந்து தயாரித்தேன். வாசனை அப்படியே இருந்தது. இங்கிலாந்துக்காரருக்கு மெயில் அனுப்பினேன். ஃபிரிட்ஜில் சீஸ் வைத்திருக்கிறாயா என்று கேட்டுப் பதில் போட்டார். மோந்து பார்க்கச் சொன்னால் மனைவி, "அந்தக் கண்றாவியவா?" என்று நகர்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது, மச்சானும் வந்தார். "என்ன விஞ்ஞானி, கெக் கெக்குன்னு தங்கச்சி போன்ல சிரிக்குது?" என்றபடி உட்கார்ந்தார். கிளாசை நீட்டினேன். மனைவி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு மடக்கு குடித்தார். புருவம் ஏறியது. கிளாசைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

"நல்லாருக்கு" என்றார். குடித்து முடித்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்துங்க மாப்ளே" என்று கிளாசை நீட்டினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது.

வெள்ளிக்கிழமை கார் வரைக்கும் வழியனுப்பப் போனேன். ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"பீர் நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே. கடுகு, கறிவேப்பில தாளிச்சா சோத்துல ஊத்திக்கலாம். அது சரி, பெருங்காயம் எதுக்குப் போட்டீங்க?"

கார் போய்விட்டது. லிஃப்டுக்குக் காத்திராமல் மாடி ஏறினேன். வளையங்களைப் போட்டு வைத்த டப்பாவைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனேன். காலியான பெருங்காய டப்பா. எங்கள் வீட்டுக் காற்றே அந்த வாசனைதான், எனக்கு எங்கே தனியாகத் தெரியப் போகிறது. எத்தனை முறை கழுவினாலும் போகாத அதை ரப்பர் வளையங்கள் ஆற அமரக் குடித்திருந்தன.

"அண்ணன் என்ன சொல்லுச்சு?" மனைவி பின்னால் நின்றாள்.

மறைப்பதில் அர்த்தமில்லை. சொல்லிவிட்டு, கெக்கை வெளியே எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

"இருக்கட்டும், வைங்க" என்றாள். "நல்லாருக்குன்னு சொல்றப்பவே அது காதைத் தடவுச்சு. சின்ன வயசுலேருந்து பொய் சொன்னா அப்படித்தான்."

"தெரிஞ்சுமா விட்டே?"

"உங்களுக்காகப் பொய் சொல்லி, அத நிஜமாக்க ரெண்டாவது கிளாஸும் குடிச்சிருக்கு. அதுக்கப்புறம் நான் எப்படித் தூக்கிப் போடச் சொல்றது?"

மாவுப் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.