மெல்பர்னில் நின்றுபோன மீன்கறித் தூள்

அந்தப் படத்தை நான் இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அண்ணியின் மீன்கறித் தூள் பொட்டலம். அதன் பின்புறம், சேர்மானங்கள் அச்சிட்ட இடத்தில், முதலில் நிற்கும் மஞ்சளைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மெல்பர்னிலுள்ள இறக்குமதியாளர் அனுப்பியது. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை வந்தது. அங்கே அதிகாரிகள் சரக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று கீழே ஒரு வரி.

அண்ணி, என் மூத்த அண்ணனின் மனைவி. எங்கள் ஊரான கோலா கெத்திலில், வீட்டிலேயே மசாலைத் தூள் தயாரித்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். வேலை சுங்கைப் பட்டாணியில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில். ஆஸ்திரேலிய ஆர்டர் உறுதியானதும், தீபாவளிக்கு முன்பே அந்த வேலையை விட்டார். “இது போச்சுன்னா மறுபடியும் ஃபேக்டரி பஸ்தான்” என்றார் அண்ணன். “ஏறுனா நான்தானே ஏறப் போறேன்” என்றார் அண்ணி.

மளிகைப் பட்டியலை மங்கலமாக மஞ்சளில் தொடங்குவது எங்கள் வழக்கம். லேபிளுக்கும் அண்ணி அப்படியே எழுதிக் கொடுத்தார்: மஞ்சள், மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம். விதியோ, எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்கிறது. அந்தத் தூளில் மல்லிதான் அதிகம், மஞ்சள் மிகக் குறைவு. வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதற்கான விதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கேயும் அதே விதிதான். எந்தக் கடையிலும் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலெல்லாம் இங்கிருந்து சரக்கை அனுப்பிவைத்த ஏற்றுமதி முகவர்மேல்தான். எழுத்தளவு சிறிது, காலாவதித் தேதி சரியில்லை, முகவரி முழுமையில்லை என்று திரும்பத் திரும்ப லேபிளை மாற்றச் சொன்னவர், வரிசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனில் கேட்டதற்குச் சிரித்தார்.

“மஞ்சள் முதல்ல இருந்தா நம்ம கண்ணுக்குத் தப்பாவே தெரியாது லா, அண்ணே. எங்க அம்மாவும் அப்படித்தான் எழுதுவாங்க.”

மாசி பிறப்பதற்குள் புதிய லேபிள் தயார். ஆனால் அங்கே பொட்டலம் பொட்டலமாக ஒட்ட ஆள் இல்லை என்றார் இறக்குமதியாளர். ஒட்டி வெளியே எடுப்பதற்குள் காலாவதி நெருங்கிவிடும், கடைக்காரர்கள் தொடமாட்டார்கள் என்றும் சொன்னார். ஆர்டர் ரத்தானது.

பங்குனியில் அண்ணி பஸ் ஏறினார். போன வாரம் பார்த்தபோது, என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

“பேக்கிங்ல, தம்பி. பெட்டியில லேபிள் சரியா இருக்கான்னு பார்க்கணும். பாதிப் பெட்டி மெல்பர்னுக்குத்தான் போகுது.”