முக்காலிக்குப் பதினாறு சதவீதம்

கறார் அக்காவுக்கு இடது முட்டி சரியில்லை. புதிய விற்பனை வரிச் சட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்த முட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. சட்டத்தின் முன்னுரையிலிருந்து தொடங்கியவர்கள் யாரும் இதுவரை கரை சேரவில்லை.

மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே, தையல் கடையை ஒட்டி, பதினோரு வருடமாக அவர் டீக்கடை நடத்துகிறார். டீ, வெண்ணெய் தடவிய ரொட்டி, மழை நாளில் சூப். கப்புக்கு ஒன்றரைக் கரண்டி சர்க்கரை. அமைச்சரே வந்து கெஞ்சினாலும் அது இரண்டாகாது. பெயர் வந்த வழி அது. கப் கழுவுவது அவருடைய கணவர். பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் நின்றுகொண்டே பிழைத்தவர் என்பதால், சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

கடையில் இரண்டு மேசை, எட்டு நாற்காலி. இரவுப் பணி முடித்த நர்சுகள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். டீயைவிட அந்த நாற்காலிக்காகத்தான் வந்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு சட்டம் மாறியது. உணவோ பானமோ விற்கும் இடத்தில் இருக்கை இல்லாவிட்டால் நான்கு சதவீத வரி. இருந்தால் பதினாறு. ‘வெறும் பார்சல் கடை’ என்று கணக்குக் காட்டி ஏமாற்றிய பெரிய ஓட்டல்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். பிரதான சாலையில் இருந்த பெரிய ஓட்டல் ஒரே வாரத்தில் பதில் கண்டுபிடித்தது. சமையலறை ஒரு கம்பெனி. நாற்காலிகளை வாடகைக்கு விடுவது இன்னொரு கம்பெனி. உணவு விற்கிறவனிடம் நாற்காலி இல்லை, நாற்காலி வைத்திருப்பவன் உணவு விற்கவில்லை. அவர்களுக்கு நான்கு. சுறாவுக்கு வீசிய வலையில் சுறா ஓட்டை போட்டுக்கொண்டு போய்விட்டது. நெத்திலி மாட்டியது.

அக்காவுக்குக் கம்பெனி ஆரம்பிக்கத் தெரியாது. எட்டு நாற்காலியையும் இரண்டு மேசையையும் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. கணவர் அன்றிலிருந்து மேசைக்கு அடியில்தான் படுத்தார். கடைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை அடித்தார்கள். நர்சுகள் குதிரைகளைப் போல வரிசையாக நின்று டீ குடித்தார்கள்.

அக்கா தனக்காக ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்: அடுப்புக்குப் பின்னால் இருந்த மர முக்காலி. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் முட்டியை மாற்ற வேண்டிவரும் என்று எதிர்வாசல் மருத்துவர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது மாதம் வரி ஆய்வாளர் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். படிவத்தில் எழுதினார்: ‘இருக்கை – 1.’

“சார், அது நான் உட்கார்றது.”

“இருக்கைதானேம்மா?”

“நான் என் கடையில டீ குடிக்கிற வாடிக்கையாளரா? எனக்கு நானே டீ வித்துக்கிறேனா?”

“யார் உட்காரணும்னு சட்டத்துல போடல. இருக்கை இருந்தா பதினாறுன்னுதான் போட்டிருக்கு. இருக்கு.”

“இருக்குன்னு தெரியுது. உங்களுக்கும் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதையும் கொஞ்சம் உபயோகிங்க சார்.”

ஆய்வாளர் தலையைத் தடவிக்கொண்டே போனார். பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. சட்டம் வந்த நாள் முதல் விற்ற ஒவ்வொரு கப்புக்கும் பதினாறு சதவீதம். அதற்கு மேல் அபராதம். கட்டினால் கடையை மூட வேண்டும். முக்காலியைத் தூக்கிவிட்டு நின்றால் முட்டி போய்விடும். அப்போதும் கடையை மூட வேண்டும்.

கணவர் கப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “அதை அடுப்புல வச்சு எரிச்சிடலாம்டி. ஆதாரமே இருக்காது.”

“எரிச்சா நாம திருடினோம்னு ஆயிடும். உட்கார்ந்தது ஒரு குத்தமாங்க?”

“அவங்க பெரிய இடம்...”

“பெரிய இடம்னா நிறைய நாற்காலி இருக்கும். அவ்வளவுதான்.”

மேல்முறையீட்டு விசாரணைக்கு மூன்றாவது மாடி ஏற வேண்டியிருந்தது. லிப்டில் ‘பழுது’ என்ற அட்டை தொங்கியது; அட்டையே மஞ்சளாகிப் போயிருந்தது. அக்கா படிக்குப் படி நின்று ஏறினார். கணவர் முக்காலியைத் தோளில் சுமந்து பின்னால் வந்தார்.

நீண்ட கூடம். நாற்பது நாற்காலியில் நாற்பது ஊழியர்கள். கோடியில் விசாரணை அதிகாரி. முறையிட வந்தவர்களுக்கு மட்டும் ஒரு நாற்காலி கூட இல்லை. அக்கா முக்காலியை இறக்கச் சொல்லி, அதில் உட்கார்ந்தார்.

“எழுந்திரும்மா!” என்றார் அதிகாரி. “அது ஆதாரப் பொருள்.”

“இதுவரைக்கும் இருக்கைன்னீங்க. இப்போ பொருள் ஆயிடுச்சா? அப்போ கேஸ் முடிஞ்சுது சார்.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சட்டப் பிரிவை உரக்கப் படித்தார். “உணவோ பானமோ விற்கப்படும் இடத்தில் இருக்கை இருப்பின்... தெளிவா இருக்கேம்மா. உட்கார்றவர் யாருங்கிற கேள்விக்கே இடம் இல்ல.”

அந்த நேரம் பார்த்துத்தான் கெட்டில்காரர் உள்ளே வந்தார். தினமும் கெட்டிலில் டீ கொண்டுவந்து அந்த அலுவலகத்தில் விற்பவர். மேசை மேசையாக டீ ஊற்றி, காசு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே கோடிக்கு வந்து, அதிகாரிக்கு ஒரு கப் ஊற்றினார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து ஒரு வாய் குடித்தார்.

“சார்,” என்றார் அக்கா, “இவர் இப்போ இங்க டீ வித்தாரா இல்லையா?”

அதிகாரியின் வாயில் டீ இருந்தது.

“வித்தார். நான் பார்த்தேன். இது பானம் விக்கிற இடம். நாற்பத்தோரு இருக்கை எண்ணிட்டேன். உட்கார்றவர் யாருன்னு கேக்கக் கூடாதுன்னு இப்பதான் நீங்களே படிச்சீங்க. இந்த மனுஷனுக்குப் பதினாறு சதவீதம் போடுங்க. சட்டம் வந்த நாள்லேருந்து, அபராதத்தோட. அப்புறம் என்னோடதை நான் கட்டிடறேன்.”

“ஐயோ அக்கா, நான் என்ன பண்ணேன்?” என்று கெட்டில்காரர் அலறினார்.

“நீ ஒண்ணும் பண்ணலப்பா. நானும்தான் ஒண்ணும் பண்ணல.”

அதிகாரி கப்பைக் கீழே வைத்தார். நாற்பது பேரும் அவரவர் கப்பைக் கீழே வைத்தார்கள். விசாரணை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

ஆறு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கச் சுற்றறிக்கை வந்தது. அரசு அலுவலக நாற்காலிகள் இந்தக் கணக்கில் வராது. விற்பவர் மட்டும் பயன்படுத்தும் ஓர் இருக்கையும் இருக்கையாகக் கருதப்படாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிவை நிறுத்தத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் இல்லை. விற்பவரின் இருக்கை, அது நிற்கும் தளத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். போகாவிட்டால் நோட்டீஸ் ரத்து.

அக்காவின் முக்காலி ஐம்பத்தைந்து. அதன் கால்களை அறுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு தாழ்வில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அந்த முட்டிக்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அடுப்புக்கு மேல் அக்காவின் கொண்டை மட்டும் தெரிந்தது. நர்சுகள் கொண்டையிடம் டீ கேட்டார்கள்.

பக்கத்துத் தையல்காரர் அளவு நாடாவோடு வந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“அக்கா, முக்காலியைத்தானே குறைக்கச் சொன்னான்? தரையை ஏத்தக் கூடாதுன்னு எங்கயும் போடலையே.”

அன்றே கணவர் வீட்டு மேசை ஒன்றின் கால்களை வெட்டினார். மேசைப் பலகை அடுப்புக்குப் பின்னால் பதினைந்து சென்டிமீட்டர் மேடையாயிற்று. அதன் மேல் நாற்பது சென்டிமீட்டர் முக்காலி. அதன் மேல் அக்கா, கால் மட்டும் பழைய தரையில். கணவருக்குப் படுக்கையில் கால் நீட்ட இடம் கிடைத்தது. சட்டத்தால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

ஆய்வாளர் மறுபடி வந்தார். நாடாவை விரித்து அளந்தார். நாற்பது. பலகையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு எழுதினார்: ‘இருக்கை – 0.’ கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் ரத்தான தாளைக் கொடுத்துவிட்டு, “ஒரு டீ கொடும்மா” என்றார்.

சுவர்ப் பலகையில் இரண்டு நர்சுகளுக்கு நடுவே நின்று குடித்தார். பாதி டீயில் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். பிறகு மறுபடி வலது காலுக்கு.

“முட்டி வலியா சார்?”

“ஆமாம்மா. நாள் முழுக்க இப்படிக் கடை கடையா அலையறேன்ல.” சுற்றும் முற்றும் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் உட்கார எதுவும் இல்லையா?”

“இருந்துச்சு சார், எட்டு,” என்றார் கறார் அக்கா, உட்கார்ந்தபடியே. “சர்க்கரை போதுமா?”