ரசமட்டக்காரர் வீட்டுக் கடல்

கண் டாக்டர் வர இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் உட்கார நாற்காலி தேடுகிறார்கள். ரசமட்டக்காரர் சுவரைப் பார்க்கிறார். தண்ணீர் கேனுக்கு மேலே தொங்கும் பூப்படம் வலது பக்கம் அரை விரற்கடை இறங்கியிருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் போகிறவர் மாதிரி எழுந்து போகிறார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலால் சட்டத்தின் கீழ் மூலையை ஒரு தட்டுத் தட்டுகிறார். படம் நேராகிவிட்டது. தண்ணீர் குடிக்க மறந்து திரும்பி வருகிறார்.

"வந்த இடத்துலயுமா?" என்கிறார் மனைவி. அந்த அம்மாளுடைய வலது கண்ணின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கிறது. அந்தக் கண் தேறுமா, போகுமா என்று இன்றைக்குத்தான் தெரியும்.

படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் கடையில் அவருக்கு வேலை. பிரிண்ட் எடுப்பது ஒருவர், சட்டம் அடிப்பது இன்னொருவர். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சுவரில் மாட்டிக் கொடுப்பது இவர். தோள் பையில் டிரில்லிங் மெஷின், கொக்கிகள், காதில் செருகப் பென்சில், பழைய கைக்குட்டையில் சுற்றிய ஒரு ரசமட்டம். ரசமட்டம் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் படம் நேர், நகர்ந்தால் கோணல். "எனக்கு நேராத்தானே தெரியுது?" என்று வீட்டுக்காரர்கள் வாதாடினால், "கண்ணு பொய் சொல்லும் சார். குமிழி சொல்லாது" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

கடையில் அவருக்கு 'மட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மட்டமான ஆள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருபத்தாறு வருஷமாக மட்டம் பார்க்கிற மனிதர், ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவார்.

அவர் வீட்டிலும் ஒரு படம் உண்டு. ஒரே படம்தான். மூன்றடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கடல். மேலே சாம்பல் நிறம், கீழே நீலம், நடுவில் துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். நீலம் பச்சையடிக்கிறது என்று வாடிக்கையாளர் வேண்டாமென்றுவிட, "எடுத்துட்டுப் போங்க மட்டம்" என்று முதலாளி தந்துவிட்டார். படுக்கையறையில், கட்டிலுக்கு நேரெதிரே மாட்டினார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுவா கடல்? அலை எங்க? படகு எங்க? பெயின்ட் அடிக்க வந்தவன் பிரஷ்ஷைத் துடைச்சிட்டுப் போன மாதிரி இருக்கு."

"மாடர்ன் ஆர்ட். நமக்கு என்ன தோணுதோ அதைப் பாத்துக்க வேண்டியதுதான்."

"எனக்கு இதைக் கழட்டிடலாம்னு தோணுது."

கழற்றவில்லை. நாலு வருஷம் அது பாட்டுக்குத் தொங்கியது. அந்த அம்மாள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்த அம்மாளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். முப்பது வருஷமாக இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பதில் சொல்லி, வீட்டிலும் ஒரு நிமிஷம் அந்தத் தலை சும்மா இருக்காது. போன மாதம் ஒரு காலையில், "வலது கண்ணுல ஓரமா ஒரு திரை விழுந்த மாதிரி இருக்குங்க" என்றார். விழித்திரை பிரிந்திருந்தது. உடனே ஆபரேஷன்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழி வச்சிருக்கேன். அது மேல எழும்பி, பிரிஞ்ச இடத்தை அழுத்திப் பிடிக்கணும். அதனால பத்து நாள், ராத்திரி பகல், இடது கன்னத்தை வச்சுப் படுத்தே இருக்கணும். மணிக்குப் பத்து நிமிஷம் எழுந்துக்கலாம். மத்த நேரம் தலையைத் திருப்பினா குமிழி நகந்துடும். நகந்தா ஒட்டாது. ஒட்டலைன்னா அந்தக் கண்ணு கஷ்டம்."

"பத்து நாளா!" என்றார் மனைவி.

"குமிழி எந்தப் பக்கம் நிக்கணும் டாக்டர்?" என்றார் இவர். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

அன்று கடைக்கு ஃபோன் போட்டுப் பத்து நாள் லீவு கேட்டார். "மட்டமே மட்டம் போட்டுட்டாருடா!" என்று அந்தப் பக்கம் சிரித்தது இவருக்கும் கேட்டது. சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் மனைவியைப் படுக்கவைத்து, தலையணையைச் சரிசெய்து, சற்று யோசித்தார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, வலது கன்னத்தின் மேல் மெல்ல வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"நான் என்ன சுவரா?" என்று கேட்டார் மனைவி.

"அசையாத. சரியா இருக்கு."

சரியாக இருந்தது ஒரு மணி நேரம்தான். காலிங் பெல் அடித்தால் திரும்பினார். குக்கர் விசில் அடித்தால் திரும்பினார். தூக்கத்தில் திரும்பினார். ஒவ்வொரு முறையும் இவர் ஓடிவந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துப் பழையபடி வைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அந்த அம்மாள் உடைந்துவிட்டார்.

"என்னால முடியாதுங்க. கதவு படுத்துக் கிடக்கு, ஃபேன் சுவத்துல சுத்துது, உங்க கடல் வேற செங்குத்தா நிக்குது. பாக்கப் பாக்கத் தலை சுத்துது. ஒரு கண்ணு போனா போகட்டும். இன்னொண்ணு இருக்கில்ல?"

அவர் பயந்துபோயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், கட்டிலில் மனைவிக்குப் பின்னால் படுத்து, தானும் இடது கன்னத்தைத் தலையணையில் வைத்துப் பார்த்தார். இத்தனை வருஷமும் நின்றுகொண்டு சுவரைப் பார்த்த மனிதர், படுத்துப் பார்த்தது அன்றுதான். உண்மைதான். கடல் செங்குத்தாக நின்றது.

எழுந்தார். படத்தை இறக்கினார். பின்பக்கக் கொக்கிகளைக் கழற்றிக் குறுகிய பக்கத்தில் முடுக்கினார். வானம் இடப்பக்கமும் கடல் வலப்பக்கமுமாக, படத்தை நெட்டுக்குத்தாக மாட்டினார். மாட்டிவிட்டு, கை தானாகப் போய் ரசமட்டத்தை மேல் விளிம்பில் வைத்தது. கோணலாக மாட்டினாலும் அந்தக் கோணல் நேராக இருக்க வேண்டாமா?

மனைவி கன்னத்தைத் தலையணையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அட, கடல் படுத்துடுச்சே!" என்றார்.

அதற்குப் பிறகு கன்னத்தை எடுத்தால் கடல் எழுந்து நின்றுகொண்டது, வைத்தால் படுத்துக்கொண்டது. அந்த அம்மாள் கன்னத்தை எடுக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று நேராக இருந்தது அது ஒன்றுதான். பார்த்துக்கொண்டே கிடந்ததில், நாலு வருஷமாகக் கண்ணில் படாததெல்லாம் படத் தொடங்கியது. "அந்த வெள்ளையில ஒரு படகு இருக்குங்க. நம்ம பக்கம்தான் வருது" என்றார் மறுநாள். இவர் சமையலறையிலிருந்து, "படகு வந்துடுச்சா?" என்று குரல் கொடுப்பார். "லேட்டு. எதுவா இருந்தாலும் விசாரணைக் கவுண்டர்ல வந்து கேளுங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டார்.

ஆறாம் நாள் நலம் விசாரிக்க வந்த எதிர் வீட்டு அக்கா, "என்ன இது, ஊருக்கெல்லாம் நேரா மாட்டுறவரு வீட்டுல இப்படியா?" என்று படத்தை நோக்கிக் கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று இவர் போட்ட சத்தத்தில் அக்கா இரண்டடி பின்னால் போய்விட்டார். அப்புறம் இவரே வெட்கப்பட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் உள்ளே கூப்பிடுகிறார்கள். டாக்டர் மூடியை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கிறார். மேலே பார், கீழே பார் என்கிறார். எதிர்ச் சுவரில் எழுத்துகள் குறுகிக்கொண்டே போகும் அட்டை ஒன்று நன்றாகவே கோணலாகத் தொங்குகிறது. இவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்றைக்கு அவருக்குக் கோணல் தெரியவில்லை.

"ஒட்டிக்கிச்சு" என்கிறார் டாக்டர். "குமிழி நிக்க வேண்டிய இடத்துல நின்னிருக்கு. நிறையப் பேரால முடியறதில்லைம்மா. எப்படிச் சமாளிச்சீங்க?"

"கடலைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன் டாக்டர்."

"வெளியூர் எல்லாம் போகக் கூடாதுன்னு சொன்னேனே?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் கணவர் தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவுடன் பையைத் திறக்கிறார். ஸ்க்ரூ டிரைவர், ரசமட்டம். கடலைப் பழையபடி மாட்டியாக வேண்டும். எட்டு நாளாக அவருக்குக் கை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இருங்க" என்கிறார் மனைவி. வந்து அவருக்கு வலப்பக்கம் நிற்கிறார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் எதன்மேலும் சாய்ந்து நின்று பழக்கமில்லாத அந்த அம்மாள், இடது கன்னத்தை அவர் தோள்மேல் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரிலிருக்கும் கடலைப் பார்க்கிறார்.

"கொஞ்சம் கோணலா இருக்கு" என்கிறார்.

அவர் ரசமட்டத்தைக் கட்டில்மேல் போட்டுவிட்டு, வலது தோளை அரை விரற்கடை இறக்குகிறார்.