வாப்பாவின் காலுக்குத் தைத்த தோலுறை

“ஏ.எல். பாஸ் பண்ணின புள்ள, கடைசியில செருப்புத் தைக்கவா?”

மாமி எங்கள் வாசலில் நின்று இதைக் கேட்டபோது, என் மடியில் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து தையல் பிரித்துக் கிடந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. ஆனால் அன்று என் கவலை வேறு.

வாப்பா பாலாவி உப்பளத்தில் வேலை செய்தவர். யுத்தகாலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த நாள் முதல் அதே வேலைதான். சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருந்தது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் அவருடைய வலது பெருவிரலின் கீழே ஒரு காயம் வந்தது. வேலையை நிறுத்தியும் அது ஆறவில்லை. காயத்தில் ஈரமும் அழுத்தமும் படக்கூடாது என்றார் கிளினிக் டொக்டர். ரமழானுக்குள் மூடாவிட்டால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தொழுதேன். துஆக் கேட்க வார்த்தை வரவில்லை. தொழுகைப் பாயிலேயே இருந்தேன்.

கடைச் செருப்புத்தான் காயத்தை அழுத்துகிறது என்று நினைத்தேன். பழைய சப்பாத்தைப் பிரித்து அது தைக்கப்பட்ட விதத்தைப் பார்த்தேன். சீமெந்துப் பேப்பரில் வாப்பாவின் காலை வரைந்து, தோல் வாங்கி வெட்டினேன். ஒரே துளையில் இரண்டு ஊசிகள் எதிரெதிராகப் போகும் தையல். ஓர் ஊசிக்கு சுப்ஹானல்லாஹ், மற்றதற்கு அல்ஹம்துலில்லாஹ் என்று ஓதிக்கொண்டே தைத்தேன். இரண்டாம் நாள் மனம் அடங்கியிருந்தது.

வாப்பா அந்தச் சப்பாத்தைப் போட்டார். மூன்று வாரம் போயும் காயம் அப்படியே இருந்தது. ஒருநாள் தையல் விட்ட இடத்தைச் சரிசெய்ய அதைக் கையில் எடுத்தேன். உள்ளே ஈரம்.

“வாப்பா, கால்ல தண்ணி பட்டதா?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “அஞ்சு நேரமும் தொழ உளு எடுத்துக் கால் கழுவோணுமே மகள்.”

“வருத்தக்காரருக்குச் சலுகை இருக்கு வாப்பா.”

“அது படுத்த படுக்கையில கிடக்கிறவனுக்கு. நான் நடந்துதானே பள்ளிக்குப் போறன்.”

நான் செருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காயத்தை நனைத்தது பள்ளிவாசல் தண்ணீர்.

அன்று அஸர் தொழுதுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன். யா அல்லாஹ், இவருடைய தொழுகையும் நிலைக்க வேண்டும், காலும் நிலைக்க வேண்டும். பாயிலிருந்து எழும்பவில்லை. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இஸ்லாம் பாடம் ஒன்று அப்படியே நினைவுக்கு வந்தது. தோல் காலுறை அணிந்தவர் உளுவில் காலைக் கழுவாமல் அதன்மேல் ஈரக்கையால் தடவலாம். எங்கள் வெயில் ஊரில் அதை அணிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. எழுதி, புள்ளி வாங்கி, மறந்திருந்தேன்.

மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “குளிர் நாட்டு ஆக்கள் போடுறது. எண்டாலும் சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். கால் கரண்டைய மூடோணும், கிழிசல் இருக்கப்படாது. கால் கழுவி முழு உளுவோட போட்டா ஒரு நாள் பகலும் இரவும் செல்லும்.”

நாளுக்கு ஒரு தடவை, மருந்து கட்டும்போது, ஆறவைத்த சுடுதண்ணீரால் கழுவலாம் என்று கிளினிக் தாதியும் ஒத்துக்கொண்டார். மெல்லிய ஆட்டுத் தோலில் நான்கு நாளில் தைத்து முடித்தேன்.

வாப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பள்ளியில எல்லாரும் என்ட காலைத்தான் பாப்பாங்க.”

“பாக்கட்டும். மகள் தைச்சதெண்டு சொல்லுங்க.”

“கேக்காட்டியும் சொல்லுவன்.”

ரமழான் பிறைக்கு ஆறு நாள் இருக்கையில் டொக்டர் காயத்தை அழுத்திப் பார்த்தார். மூடியிருந்தது. வெட்டத் தேவையில்லை என்றார். மருந்தும் வேலை செய்தது; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தை அந்த நேரத்தில் எனக்கு நினைவூட்டியவன் அல்லாஹ். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு என் படிப்பு என் கெட்டித்தனம் என்றிருந்தேன். இப்போது அது அவன் என்னிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நினைக்கிறேன்.

வார்த்தை வராவிட்டாலும் பாயில் இருங்கள். கையில் ஒரு வேலையை எடுங்கள். அவனிடமே கேளுங்கள்.

போன புதன்கிழமை கிளினிக் வராந்தாவில் இருந்து தைக்க ஒரு வாங்குப் பலகை கேட்டேன், தந்தார்கள். கண்டக்குழியிலிருந்து வந்த மீனவர் ஒருவருக்கும் அதே இடத்தில் காயம். அவர் கத்தோலிக்கர், உளு இல்லை. வள்ளத்தில் ஏறி இறங்கச் சப்பாத்துக்குத் தடித்த அடி வேண்டும் என்றார். நேற்று அவருக்குத் தோல் வெட்டிவிட்டேன்.