பென்டிரைவைச் சுத்தம் செய்த நாள்

திரை கறுத்துப் போனது. இடது மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது. அப்பாவின் சேலை டிசைன்கள் அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன; அன்று மதியம் தறியில் ஏறவேண்டிய முகூர்த்தச் சேலையினுடையதும் அதற்குள்தான்.

காரணம் அம்மாவின் தம்பி. காலேஜ் லீவில் எங்கள் ஊர் இளம்பிள்ளைக்கு வந்திருந்த மாமா, அதில் லினக்ஸையும் போட்டுக் காட்டுவதாக அப்பாவைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தார். சரியாக வந்தால் டிசைன் வேலையையே அவரிடம் ஒப்படைப்பதாக அப்பாவும் சொல்லியிருந்தார். மாமா ஒன்றும் அரைகுறை அல்ல. கம்ப்யூட்டர் விழித்ததும் முதலில் படிக்கும் பூட் செக்டரை ஒரு ஃபைலாகப் பென்டிரைவில் எடுத்து என்னிடம் கொடுத்தார். "தறியில பழைய பாவு நூல் நுனிய உட்டு வெச்சாத்தான சாமி, புதுப்பாவப் பிணைக்க முடியும்? இதும் அப்படித்தான். பத்தரமா வெச்சுக்க."

பென்டிரைவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்தேன். அதோடு நின்றேனா? தறிக்குப் போகும் பென்டிரைவில் அன்றைய டிசைன் தவிர எதுவும் இருக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். மற்றதை அழிப்பது என் வேலை. அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட எனக்கு. மாமா சாப்பிடப் போன நேரத்தில் செருகிப் பார்த்தேன். ஏதோ ஒரு துணுக்கு, தறிக்கடியில் கிடக்கும் கழிவு நூல் மாதிரி. அழித்துவிட்டேன்.

லினக்ஸை எழுப்பிவிடும் பூட்லோடரை மாமா போட்ட பிறகுதான் இந்தக் கறுப்பு. "பதறாதீங்க மச்சான், பழசத் திருப்பிப் போட்டா வந்துரும்" என்ற மாமா, ஒரு சிடியால் கம்ப்யூட்டரை எழுப்பினார். டிசைன்கள் இருந்த பகுதி அதில் தென்படவில்லை. பென்டிரைவைத் திறந்தார். காலி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா தறிக்காரரிடம் பேசப் போன சமயம் மெதுவாகக் கேட்டார்.

"சாமி, இதச் சுத்தம் பண்ணுனியா?"

"ஆமாங்க மாமா!" என்றேன் பெருமையாக.

என் தலையைத் தடவிக் கொடுத்தார். திரும்பி வந்த அப்பா, "பழசோட காப்பி எங்கடா?" என்று மாமாவைக் கேட்டார்.

"எடுக்க மறந்துட்டனுங்க மச்சான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு அவ்வளவு பாடம் நடத்திவிட்டு, காரியத்தை மறந்துவிட்டாரே!

"இனி இந்த ஊட்ல கம்ப்யூட்டர் பக்கமே வராத" என்றார் அப்பா. முகூர்த்தச் சேலை வேறொருவர் தறிக்குப் போனது. மறுநாள் காலையில் மாமா பஸ் ஏறினார். கோபத்தில் நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. டிசைன் வேலை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

போன மாதம், ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடுமுன் நானே பூட் செக்டரைக் காப்பி எடுத்தேன். பென்டிரைவில் வந்து உட்கார்ந்த ஃபைலைப் பார்த்தேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். அன்று நான் கழிவென்று அழித்த அதே துணுக்கு.

வேலையைச் சரியாகச் செய்ததற்குப் பாராட்டு என்றல்லவா நினைத்திருந்தேன், மாமா அன்று என் தலையைத் தடவியதை.